வலது கைப் பக்கம்

நான் வேலை பார்த்த வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "மேடம், தலையில அடிபட்டு வாரவங்களோட வீட்டுக்காரங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. எப்பக் குணமாகும்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "குணமாயிரும்னுதான் சொன்னேன்" என்றாள். தப்பில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குத்தான் கை ஓடவில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்த ஒரு சொல்லை எங்கள் வார்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் உத்தரவே இருந்தது.

உத்தரவு போட்டவர் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர். மற்ற டாக்டர்களை எல்லாம் பெயரோடு சேர்த்து சார் என்போம். அவர் மட்டும் வெறும் சார். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் முக்கியமான பேச்சு எதையும் பேச மாட்டார். நோயாளியின் வீட்டாரைத் தன் அறைக்குக் கூப்பிடுவதே இல்லை. அறைக்குள் வந்தால் கும்பிட்டுக்கொண்டே நிற்பார்கள், சொல்வது எதுவும் காதில் ஏறாது என்பார். வார்டு வாசலில் கிடக்கும் மர பெஞ்சில் அவர்கள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வார். காபி குடித்தீர்களா, ஊரில் மழை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

எங்களிடம் பேசும்போது அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "குணமாயிரும்னு சொல்லாதீங்க. கையத் தூக்குவாரா, அதச் சொல்லுங்க. வாயால சாப்பிடுவாரா, அதச் சொல்லுங்க. தமிழ்ல குணம்னா ரெண்டு. வியாதி தீர்றதும் குணம்தான், ஆளோட சுபாவமும் குணம்தான். நீங்க ஒண்ணச் சொல்லுவீங்க, அவங்க ரெண்டையும் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க" என்பார். எனக்கு அது தமிழ் வாத்தியார் பேச்சாகத்தான் அப்போது பட்டது. ஆபரேஷன் தியேட்டரில் நேரம் போகவில்லை போலிருக்கிறது என்று நர்சுகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நான் அங்கே சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். படித்த வருஷங்களில் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்ததும் ஹாஸ்டல் சாம்பாரும்தான் ஞாபகம் இருக்கிறது. வேலை கற்றது மதுரைக்கு வந்துதான். பிசியோதெரபி என்ற வார்த்தை அப்போது ஜனங்களுக்குப் பழக்கமில்லாததால் எனக்கு எக்சர்சைஸ் அம்மா என்று பெயர். மாத்திரை தராமல் ஊசி போடாமல் கையையும் காலையும் ஆட்டிவிட்டுப் போகிறவள் என்று ஒரு இளக்காரமும் உண்டு. நான் அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. இளக்காரமாகப் பேசியவருக்கு மறுநாள் முழங்காலை இன்னும் கொஞ்சம் நன்றாக மடக்கிவிடுவேன், அவ்வளவுதான்.

சுந்தரபாண்டி வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். வில்லாபுரத்தில் வீடு, சிம்மக்கல்லில் பழ மண்டி. நாற்பதை ஒட்டிய வயது, நல்ல ஆகிருதி. விடியற்காலையில் மண்டிக்குப் போகும் வழியில் தெற்குவாசல் பாலத்து இறக்கத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்துவிட்டார். தலையின் இடது பக்கம் ரத்தக்கட்டு. சார் ஆபரேஷன் செய்து எடுத்தார். மூளையில் இடது பக்கம் அடிபட்டால் உடம்பில் வலது பக்கம் விழுந்துவிடும், பேச்சும் சிக்கிக்கொள்ளும். அவருக்கு இரண்டும் ஆயிற்று.

கூட இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய மனைவி விஜயா. சின்ன உருவம், பேச்சு குறைவு. இன்னொருவர் டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்து தங்கிய அவருடைய அக்கா பஞ்சவர்ணம். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பேச்சில் விஜயாவுக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். பள்ளிக்கூடம் படிக்கிற மகள் மீனா சாயங்காலம் யூனிபார்மோடு வந்து போவாள்.

முதல் சில வாரங்கள் அவருக்கு நினைவு இல்லை. நினைவில்லாதவர்களிடம்தான் எங்களுக்கு வேலை அதிகம். ஒரே பக்கமாகப் போட்டால் முதுகு புண்ணாகிவிடும், அதனால் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விழுந்துபோன கையைத் தொங்க விடாமல் தலையணைமேல் தூக்கி வைக்க வேண்டும். விரல்கள் உள்ளே மடங்கி இறுகாமல் இருக்கச் சின்னத் துண்டைச் சுருட்டி உள்ளங்கையில் கொடுக்க வேண்டும். தோளை மட்டும் யாரும் பிடித்து இழுத்துவிடக் கூடாது. ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக மேலே கொண்டுபோய் நிறுத்தி, பத்து எண்ணி, அதே மெதுவில் இறக்க வேண்டும்.

எண்ணுவது சத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வார்டு வழக்கம். பேச்சு போனவர்களுக்குக்கூட எண்ணிக்கை பெரும்பாலும் போகாது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. ஆனால் நாம் "ஒண்ணு" என்று எடுத்துக் கொடுத்தால் "ரெண்டு" தானாக வந்து விழும். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன சங்கதி அது. அதனால் எங்கள் வார்டில் எந்நேரமும் யாராவது எண்ணிக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும்.

இந்த வேலையை நான் வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவேன். விஜயா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். அவர் கையைத் தாங்குகிற விதம் எங்கள் மாணவிகளைவிடச் சுத்தமாக இருந்தது. ஆனால் செய்யும்போது முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். தையல் போட்ட தலையைப் பார்க்கப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு பழக்கமும் இருந்தது. எப்போதும் கட்டிலின் வலது கைப் பக்கம்தான் நிற்பார். ஊட்டுவது, துடைப்பது, பேசுவது எல்லாமே அங்கிருந்துதான். விழுந்துபோன பக்கம் நின்று பேசுங்கள், இல்லாவிட்டால் அப்படி ஒரு பக்கம் இருப்பதையே நோயாளி மறந்துபோவார் என்று நாங்கள் ஒவ்வொரு வீட்டாரிடமும் கெஞ்சுவோம். யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் விஜயாவை வார்டு முழுக்க உதாரணம் காட்டினேன். "பாத்துக்கங்க, சொல்லாமலே எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

நினைவு மெல்லத் தெளிந்தது. முதலில் வந்த வார்த்தை "வாங்க". மண்டிக்கு வருகிற வியாபாரிகளிடம் காலமெல்லாம் சொன்ன வார்த்தை அதுதான் என்பதால் அது முந்திக்கொண்டது. வார்டு பெருக்க வருகிறவருக்கு வாங்க, எனக்கு வாங்க, ஊசி போட வரும் நர்சுக்கும் வாங்க. விஜயா கஞ்சி டம்ளரோடு போய் நின்றபோது அவரையும் நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்றார். விஜயா டம்ளரைக் கட்டிலோரம் வைத்துவிட்டார். பஞ்சவர்ணம் வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஏந்தம்பி, கட்டுன பொண்டாட்டிய யாராச்சும் வாங்கன்னு சொல்லுவாகளா?" என்று கேட்டதற்கும் அவர் சிரித்தபடி "சரி" என்றார். இரண்டாவதாக வந்த வார்த்தை அது.

அதன் பிறகு அவர் அப்படியேதான் இருந்தார். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார், எதைச் சொன்னாலும் சரி. மகள் வந்து சீப்பை எடுத்துத் தலை வாரிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பஞ்சவர்ணத்துக்குத்தான் தாங்கவில்லை. "எந்தம்பி இப்படியா இருப்பான்? மண்டியில அவன் ஒரு அதட்டுப் போட்டா ரோட்டுல போற லாரி நிக்கும். உசுரக் குடுத்தீக, என் தம்பியக் குடுக்கலையே டாக்டரம்மா" என்று என்னிடம் அழுதார்.

அழுது ஓய்ந்த பிறகு அவரே வைத்தியத்தில் இறங்கினார். கோபம் வந்தால் தம்பி வந்துவிடுவான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கணக்குப்பிள்ளை திருடுகிறான் என்று இல்லாததைச் சொல்லிப் பார்த்தார். பங்காளியைப் பற்றிப் பேசிப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். உப்புக் குறைந்தால் தட்டு சுவரில் போய் விழும் வீடாம் அது. சுந்தரபாண்டி ஒரு வாய் வாங்கினார், நிதானமாக மென்றார், இன்னொரு வாய் வாங்கினார். தேடிப் பிடித்து ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து "நல்லாருக்கு" என்றார். அக்கா சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டார்.

விஜயாவைக் காணோம் என்று வெளியே வந்தேன். வராந்தா ஓரத்துக் குழாயடியில் கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் போனால் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்று, உடனேயே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அக்கா, கை வரணும். நடக்கணும். மண்டிக்குப் போகணும். அம்புட்டும் வரணும்னுதான் நானும் சாமி கும்புடுறேன். அந்தக் கோவம் மட்டும் வராம இருக்க ஏதாச்சும் மாத்திரை இருக்காக்கா?"

நான் குழாயை மூடினேன். அவரே சொன்னார். "நான் எதுக்கு எந்நேரமும் அந்தப் பக்கமே நிக்கிறேன்னு நெனைக்கிறீக? அந்தக் கைதான்க்கா எந்திரிக்காது."

கோபமாக வந்தது எனக்கு. அவர்மேல் இல்லை, அந்த ஆகிருதியான மனிதர்மேல். உதாரணம் காட்டி வார்டு முழுக்கக் கைதட்டாத குறையாகப் பேசிய என்மேலும் கொஞ்சம். அந்தக் கையைத்தான் இந்தப் பெண் காலையும் மாலையும் தாங்கித் தூக்கி உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

விஜயாவிடம் கேட்டுக்கொண்டு சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுநாள் பெஞ்சுக்கு முதலில் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார். கல்லுப்பட்டியில் மழை உண்டா என்று கேட்டார். பிறகு, "உங்க தம்பிக்குக் கோவத்த வரவைக்கிற வேலைய நிறுத்துங்க. காயம்பட்ட மூளை, அசதி தாங்காது. கோவம் தானா வரும். எந்த அளவுக்கு வரும்னு எனக்கும் தெரியாது" என்றார்.

"ஆம்பளைன்னா ஒரு சத்தம் இருக்கத்தான சார் செய்யும்" என்றார் அக்கா.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "சத்தம் மட்டும்தானாம்மா?"

அக்கா வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் அவசரப்படாமல் கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

விஜயாவிடம் அவர் பேசியது இன்னும் நேராக இருந்தது. "மாத்திரை இருக்கு. ஆனா கோவத்தோட ஆளையும் சேத்துத் தூங்க வச்சிரும். கை வராது, பேச்சு வராது. தேவைப்பட்டாத்தான் தருவேன். இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இனிமே அவர் கைநீட்டினா அடிபட்ட மூளைதான் காரணம்னு ஊரே சொல்லும். நீங்களும் அப்படியே சொல்லிட்டுப் பொறுத்துப் போவீங்க. விழுறதுக்கு முன்னாடி அடிச்சாரே, அது என்ன வியாதி?" விஜயா முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபம் கிளம்புவதற்கு முன்னால் கணவர் முகத்தில் என்ன தெரியும், வீட்டில் அந்த நேரம் சத்தத்தை எப்படிக் குறைப்பது, மகளை எங்கே அனுப்புவது, யார் வீட்டுக்குப் போவது என்று ஒவ்வொன்றாகப் பேசி வைத்தார்கள். இவ்வளவு நேரம் சார் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நான் வாரத்துக்கு ஒரு முறை வில்லாபுரத்துக்குப் போய்வந்தேன். ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தார். வார்த்தைகள் கூடியிருந்தன. ஒரு வாரம் போனபோது அவர் விரல்கள் லேசாக இறுகியிருப்பதைக் கவனித்தேன். விஜயாவைப் பார்த்தேன். பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுப்படிக்குப் போனதும் சொன்னார். "பயிற்சிய நிறுத்திப் பாத்தேன்க்கா. என்ன பாவமோ, அந்தக் கை இப்படியே இருந்துட்டா நல்லதுதானேன்னு தோணிருச்சு. மறுநாளு அவுகளே இடது கையால வலது கையத் தூக்கிக் கொண்டுவந்து என் மடியில வச்சாக. 'செய்யலையா'ன்னு கேட்டாக. எப்படிக்கா செய்யாம இருக்கது?" காபித்தூளை அளந்து போட்டுக்கொண்டே சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

கோபம் வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். லீவு நாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் ஊரிலிருந்து வந்து தன் நாத்தனாரைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். குக்கர் விசில் வேறு. மீனா அப்பாவுக்குக் காபி கொண்டுவரும்போது கால் தடுக்கி அவர் வேட்டியில் கொட்டிவிட்டாள். அவர் தாடை இறுகியது. ஊன்றுகோலை விட்டுவிட்டு எழுந்தார். "அறிவிருக்கா நாயே" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து இவ்வளவு தெளிவாக எந்த வாக்கியமும் வந்ததில்லை. வலது கை எழுந்தது. நான் மாதக்கணக்கில் போராடியும் மார்புக்கு மேல் வராத கை, தோளைத் தாண்டித் தலைக்கு மேலே போனது.

என் புத்தியைச் சொல்கிறேன், நான் முதலில் பார்த்தது தோள்மூட்டைத்தான். முழு வீச்சும் வந்துவிட்டதே என்றுதான் தோன்றியது. பஞ்சவர்ணம், "எந்தம்பி வந்துட்டான்" என்று எழுந்தே விட்டார். மகள் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். அந்தப் பிள்ளைக்கு அது புதிது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஜயா அடுப்படியிலிருந்து வந்தார். மகளுக்கும் அவருக்கும் நடுவில், அந்தக் கைக்கு நேர் கீழே போய் நின்றார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு கையால் அவர் முழங்கையைத் தாங்கினார். மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தார். நான் சொல்லிக் கொடுத்த பிடி, அச்சு அசலாக.

"இம்புட்டு உசரம் வந்துருச்சா. அப்படியே நிறுத்துங்க" என்றார். "ஒண்ணு."

சுந்தரபாண்டி அவரை முறைத்தார். உதடு துடித்தது. பிறகு அவருக்கே தெரியாமல் நாக்கு அதன் வேலையைச் செய்தது. "ரெண்டு" என்றார்.

"மூணு."

"நாலு."

இருவரும் மாறி மாறிப் பத்து வரை எண்ணினார்கள். டிவியை நான் நிறுத்திவிட்டேன். எண்ணி முடித்ததும் விஜயா கையைப் பிடித்தபடியே மெதுவாக இறக்கி நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். அவர் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. எதற்காக எழுந்தோம் என்பதே அவருக்கு விட்டுப்போயிருந்தது. ஈர வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சவர்ணம் நின்ற இடத்திலேயே நின்றார். தம்பி கை இறங்கும்வரை அவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை, சுவரோரம் இருந்த மீனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய் அவளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "விஜயா, இன்னொரு தடவ இவன் கைய ஓங்குனா நீயும் பிள்ளையும் கல்லுப்பட்டிக்கு வந்துருங்க. நான் இருக்கேன்" என்றார். தம்பியின் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

போன் செய்த பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். போனில் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நான் ரிட்டையர் ஆவதற்குச் சில வருஷம் முன்னால், மாம்பழ சீசனில் ஒரு விசேஷத்துக்குப் பழம் வாங்கச் சிம்மக்கல் போனேன். சார் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். மண்டி வாசலில் சுந்தரபாண்டி நின்றிருந்தார். வலது காலை லேசாக இழுத்து நடந்தார், மற்றபடி பழைய ஆகிருதி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து "வாங்க வாங்க" என்றார். கல்லாவில் விஜயா. விபத்துக்கு முன்னால் அவர் அந்த மண்டியை வாசலில் நின்றுகூடப் பார்த்ததில்லை என்று முன்பு சொல்லியிருக்கிறார்.

கதை முழுதாக நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு தடவை எண்ணிக்கை பலிக்கவில்லை, அடி விழுந்துவிட்டது. அன்றைக்கே மகளோடு கல்லுப்பட்டிக்குப் போய்விட்டார் விஜயா. "பஞ்சவர்ணம் மதினி வாசல்லயே நின்னு தம்பிய உள்ள விடலக்கா. ரெண்டு மாசம். பயிற்சி குடுக்க ஆளில்லாம வெரலு மடங்கிப்போயி, வந்து நின்னாக. இனிமே இல்லன்னு மதினி முன்னாடி சொன்ன பெறகுதான் வந்தேன். அதுக்கப்புறம் இல்ல" என்று பழத்தை எடை போட்டுக்கொண்டே சொன்னார்.

அப்போது வாசலில் சுமை இறக்குகிறவர் ஒரு பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். பழங்கள் ரோட்டில் உருண்டன. சுந்தரபாண்டியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. வலது கை மேலே போனது. விஜயா தராசிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஒண்ணு" என்றார்.

வாசலில் கை அந்தரத்தில் நின்றது. "ரெண்டு, மூணு" என்று அவர் முணுமுணுப்பது கேட்டது. சுமைக்காரர்கள் குனிந்து பழம் பொறுக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது தினசரி போலிருக்கிறது.

சாரும் இல்லை, வார்டும் இல்லை என்ற தைரியத்தில் நான் அந்தச் சொல்லை முதல்முறையாக வாயில் எடுத்தேன். "ஆகமொத்தம் குணமாயிட்டாருன்னு சொல்லலாமா விஜயா?"

விஜயா வாசலைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பையை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"அவுகளுக்குக் குணமாச்சோ என்னமோக்கா. எனக்குக் குணம் மாறிப்போச்சு."